வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கிளப்பாதீர்கள்!

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. கனமழை இறங்கும் முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசைகட்டி நின்றுவிட்டன. சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்கள், கைக்கெட்டும் தூரத்தில் மேடான இடம் அது ஒன்றுதான் என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போனார்கள். படங்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கடிந்தவர்களும் உண்டு. ஆனால், 2015 டிசம்பரில் தரைத்தளங்கள் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் அடுக்ககம் ஒன்றின் வளாகத்திலிருந்து கார்கள் அடித்துச்செல்லப்பட்டதையும் கண்ட மக்களுக்கு அந்த மேம்பாலம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

நிறுத்திவைத்த காரைக் காப்பாற்றும் வழியைச் சென்னை கற்றுக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும் காரைக் காப்பாற்றும் வழி மட்டும் இன்னும் பரவவில்லை. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் சர்வீஸ் சென்டர்களின் வாசலில் ரெக்கவரி வண்டிகள் இறக்கிவிட்டுப் போகும் கார்களில் ஒரு வகை உண்டு. உடம்பில் கீறல் இருக்காது. இருக்கைகூட நனைந்திருக்காது. இன்ஜினைப் பிரித்தால், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்து கிடக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் போனேன், நடுவில் ஆஃப் ஆகிவிட்டது, ரெண்டு மூணு தடவை செல்ஃப் அடித்துப் பார்த்தேன் என்பார் உரிமையாளர். மெக்கானிக்குக் கேட்க வேறொன்றும் இருக்காது. அந்த ரெண்டு மூணு தடவையில்தான் பெரும்பாலும் எல்லாம் முடிந்துபோகிறது.

இன்ஜின் காற்றை இழுக்கிறது, எரிபொருளைக் கலக்கிறது, அழுத்துகிறது, வெடிக்க வைக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது. இந்தச் சுற்றில் அழுத்தும் கட்டம்தான் ஆபத்தானது. இந்தியச் சாலைகளில் மிகப் பரவலாக ஓடும் 1,197 சிசி பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்ளலாம். நான்கு சிலிண்டர். ஒரு சிலிண்டர் ஒரு மூச்சில் இழுப்பது சுமார் 300 மில்லிலிட்டர். பிஸ்டன் மேலே ஏறி அழுத்தி முடிக்கும்போது, 11-க்கு 1 என்ற அழுத்த விகிதத்தில், அங்கே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர். அதாவது இரண்டு மேசைக்கரண்டி. சில ஆண்டுகளுக்கு முன்புவரை பல நிறுவனங்களின் கார்களில் இருந்த 1,248 சிசி டீசல் இன்ஜினில் கணக்கு இன்னும் இறுக்கம். டீசலுக்கு அழுத்த விகிதம் அதிகம் என்பதால் மிஞ்சும் இடம் 20 மில்லிலிட்டருக்கும் குறைவு.

அந்த இடத்தைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே புகுந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஊசி இல்லாத சிரிஞ்சில் காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்துத் தண்டை அழுத்தினால் பாதிவரை இறங்கும். அதே சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி அழுத்தினால் தண்டு அசையாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. மேலே ஏறிவரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கிறது. மற்ற மூன்று சிலிண்டர்களின் விசையும், சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலின் கனமும் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது கனெக்டிங் ராடு. அது வளையும். சில வேளை ஒடிந்து, இன்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பட்டறைகளில் இதை ஹைட்ரோ லாக் என்கிறார்கள், அல்லது ‘இன்ஜின் தண்ணி குடிச்சிடுச்சு’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். வேகமாகப் போய்ப் பள்ளத்தில் இறங்கி, ஓடும் இன்ஜின் ஒரே மூச்சில் நிறையத் தண்ணீரை விழுங்கினால் அந்த நொடியிலேயே ராடு வளைந்துவிடும். அதற்குப் பிறகு சாவியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் நகரத் தெருக்களில் மெதுவாக ஊர்ந்து போகும்போது பல நேரம் நடப்பது வேறு. தண்ணீர் முதலில் ஏர் ஃபில்டரை நனைக்கிறது. காகித ஃபில்டர் ஊறியதும் காற்றுப் போக வழியில்லாமல் இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது. காற்றுக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கும், சிலிண்டருக்குள் பெரிதாகப் போயிருக்காது. அந்த நிலையில் கார் பிழைத்துக் கிடக்கிறது என்றே சொல்ல வேண்டும். இழுத்துக்கொண்டு போய் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, தண்ணீரை வடித்து, ஆயிலைப் புதிதாக ஊற்றினால் மீண்டும் ஓடும். சில ஆயிரங்களோடு போகும் செலவு.

ஆனால் அந்த நிலையில் ஓட்டுபவர் சாவியைத் திருப்புகிறார். ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றுகிறது, காற்றுக் குழாயில் தேங்கியிருந்ததைச் சிலிண்டர் உறிஞ்சுகிறது. ஒரு சிலிண்டர் எப்படியோ பற்றிக்கொண்டு சுற்றிவிட்டால், பக்கத்துச் சிலிண்டரில் இருக்கும் தண்ணீரின் மீது அதன் முழு பலமும் போய் இறங்கும். சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டியது லட்சத்தைத் தாண்டுகிறது. இன்ஜின் இறங்குகிறது. வாரக்கணக்கில் வண்டி பட்டறையில் நிற்கிறது.

வண்டி கிளம்பிவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பதும் சரியல்ல. ராடு சற்றே வளைந்த நிலையிலும் இன்ஜின் ஓடும். லேசாகத் தட்டும் சத்தம் கேட்கும், இழுவை குறையும், ஐட்லிங்கில் நடுக்கம் இருக்கும். வெயில் வந்து தெரு காய்ந்து, மழையை எல்லாரும் மறந்துவிட்ட பிறகு, ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் அந்த ராடு ஒடியும். அப்போது அதை வெள்ளச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் நிரூபிப்பது மிகக் கடினம்.

தண்ணீர் எப்படி இவ்வளவு எளிதாக உள்ளே போகிறது? பெரும்பாலான கார்களில் காற்றை இழுக்கும் வாய் முன்பக்கத்தில், ரேடியேட்டரின் மேல்விளிம்பை ஒட்டியோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ இருக்கும். தரையிலிருந்து பார்த்தால் உயரம்தான். முழங்கால் அளவுத் தண்ணீர் அங்கே எட்டாது என்று ஓட்டுபவர் நினைப்பதில் தவறில்லை. ஆனால் கார் நகர்ந்ததும் பம்பர் தண்ணீரைத் தள்ளி முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அலையும் உயர்கிறது. எதிரே வரும் பேருந்தோ லாரியோ கிளப்பும் அலை அதன் மேல் வந்து மோதினால், தேங்கிய தண்ணீரின் மட்டம் என்னவாக இருந்தாலும் பானெட் வரை ஏறிவிடும். இன்ஜினும் சும்மா இருப்பதில்லை. அதே 1,197 சிசி இன்ஜின் 2,000 சுற்றில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்த நிலையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 லிட்டர் காற்றை இழுக்க வல்லது. வாய்க்குப் பக்கத்தில் வரும் தண்ணீரை அது விட்டுவைக்காது.

இதனால்தான், தண்ணீரைக் கண்டதும் வேகமாகப் போய்க் கடந்துவிடலாம் என்ற யோசனை மிக மோசமானது. அதற்குத் துணையாக இன்னொரு நம்பிக்கையும் நம் ஊரில் வேரூன்றி இருக்கிறது. சைலன்சரில் தண்ணீர் போய்விடக் கூடாது, அதனால் ஆக்சிலரேட்டரை விடாமல் முறுக்க வேண்டும் என்பது. இன்ஜின் ஓடும்வரை புகையின் அழுத்தமே சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறாமல் பெரும்பாலும் தடுத்துவிடும். அதைக் காக்க ஆக்சிலரேட்டரை அழுத்தி முறுக்குகிறவர், முன்பக்கத்தில் உறிஞ்சும் வேகத்தைக் கூட்டிவிடுகிறார். போயே தீர வேண்டிய நிலை என்றால் முதல் கியரில், சீரான மெதுவான வேகத்தில், நடுவில் நிறுத்தாமல், எதிர்வண்டி கடந்து போகும்வரை காத்திருந்து போவதுதான் முறை. கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துப் பார்க்க வேண்டும், நனைந்த பிரேக் உடனே பிடிக்காது.

எவ்வளவு ஆழம் வரை போகலாம்? சாதாரண ஹேட்ச்பேக் அல்லது செடான் காருக்குச் சக்கரத்தின் நடு அச்சுதான் எல்லை என்று கொள்ளலாம். அது தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குச் சற்றே முன்னே பின்னே இருக்கும். எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு இதில் அலட்சியம் அதிகம். உயரமான இருக்கை தரும் துணிச்சல் அது. மஹிந்திரா தார் 65 சென்டிமீட்டர் வரை, லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 90 சென்டிமீட்டர் வரை தண்ணீரில் இறங்கும் என்று அந்த நிறுவனங்கள் சொல்கின்றன. அவை அதற்கென்றே காற்றுக் குழாயை உயர்த்தி வடிவமைத்த வண்டிகள். தெருவில் எஸ்யூவி என்ற பெயரோடு ஓடும் வண்டிகளில் பலவும் ஹேட்ச்பேக்கின் அடித்தளத்தில் சற்று உயர்த்திக் கட்டியவை. அந்த அளவுகளும் தேங்கி நிற்கும் தண்ணீருக்குத்தான் பொருந்தும், ஓடும் வெள்ளத்துக்கு அல்ல. 30 சென்டிமீட்டர் ஆழ ஓட்டம் சின்னக் கார்களையும், 60 சென்டிமீட்டர் ஆழ ஓட்டம் எஸ்யூவிகளையும் அடித்துச்செல்லப் போதும் என்று அமெரிக்க வானிலைச் சேவை பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது.

சென்னையில் ஆழத்தைக் கண்ணால் அளப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். சாலையைச் சுரண்டாமல் பழைய தாரின் மேல் புதிய தாரைப் போட்டுப் போட்டு, ஒரு தெருவின் மட்டத்துக்கும் அடுத்த தெருவின் மட்டத்துக்கும் பொருத்தமே இல்லாமல் போய்விட்டது. நடுவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம், மூடி திறந்த ஆள்நுழைவுக் குழி. வேளச்சேரியும் பெருங்குடியும் மூழ்குவதற்கு ஒரு முக்கியக் காரணம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனது. 2022-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் அது இடம்பெற்றது நல்ல செய்தி, இழந்த நிலம் திரும்பப் போவதில்லை. எனவே, தண்ணீரில் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பார்த்து ‘ஏன் இந்த வழியாக வந்தாய்’ என்று கேட்பதில் நியாயம் குறைவு. வழியைத் தண்ணீர் தேடி வருகிறது.

சுரங்கப்பாதைகள் மட்டும் இந்த நியாயத்துக்கு விலக்கு. தி.நகர் துரைசாமி, சைதாப்பேட்டை அரங்கநாதன், வியாசர்பாடி கணேசபுரம், எழும்பூர் கெங்குரெட்டி என்று மழை வந்தால் எவை நிரம்பும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவற்றில் இறங்குவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கார் நின்று மூழ்கியதில் அரசு பெண் மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் வாடகைக் காரில் வந்த இளம் மென்பொருள் ஊழியர் ஒருவர், 2024 செப்டம்பரில் ஃபரீதாபாதில் எஸ்யூவியில் வந்த வங்கி ஊழியர்கள் இருவர். மூன்று இடத்திலும் நடந்தது ஏறத்தாழ ஒன்றே. தேங்கிய தண்ணீர் ஆழமில்லாததுபோல் தோன்றியது, வண்டி நடுவில் நின்றது, மட்டம் கதவை மூடியது.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, காருக்குள்ளேயே அடைபட்டு இறந்தவர்கள் உண்டு. தண்ணீரில் மின்சாரம் செயலிழந்தால் கண்ணாடியை இறக்க முடியாது, சென்ட்ரல் லாக் திறக்காமல் போகலாம். வெளியே தண்ணீரின் அழுத்தம் கதவைத் தள்ளவிடாது. ஆகவே, வெள்ளத்தில் இறங்கும் முன்பே கதவின் பூட்டை எடுத்து, கண்ணாடியைப் பாதி இறக்கிவைப்பது ஒவ்வொரு ஓட்டுநருக்கும் அனிச்சையாக வர வேண்டிய பழக்கம். வண்டி நின்று தண்ணீர் ஏறுகிறது என்றால் சாவியோடு போராடும் நேரத்தில் பிள்ளைகளை இறக்கி மேட்டுக்குக் கொண்டுபோகலாம். இன்ஜினைப் பற்றிப் பேசும் இந்தக் கட்டுரையின் முதல் அக்கறையும் அதுவே. கிளப்பிப் பார்க்கலாம் என்ற சபலத்தில் வண்டிக்குள் கழியும் நிமிடங்கள் இன்ஜினையும் கெடுக்கின்றன, உயிருக்கும் உலை வைக்கின்றன.

புதிய கார்கள் இந்தச் சபலத்தை இன்னும் எளிதாக்கிவிட்டன. சாவி இல்லை, பொத்தான்தான். விரல் தானாகப் போகிறது. அதைவிடக் கவலை தருவது எரிபொருளை மிச்சப்படுத்த வந்திருக்கும் தானியங்கி ஸ்டார்ட்–ஸ்டாப் வசதி. சிக்னலில் நின்றால் இன்ஜினைத் தானே அணைத்து, கிளட்சைத் தொட்டதும் தானே கிளப்பும். தண்ணீர் தேங்கிய நெரிசலில் அதே வேலையைச் செய்தால், ஓட்டுபவர் கேட்காமலேயே இன்ஜின் தண்ணீருக்கு நடுவில் ஒருமுறை அணைந்து மறுமுறை உறிஞ்சும். இந்த வசதியை அணைத்துவைக்க டாஷ்போர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் அதை அழுத்த வேண்டும் என்று டெலிவரி கொடுக்கும்போது ஷோரூம்காரர்கள் சொல்லித் தர வேண்டும்.

இரு சக்கர வண்டிகளுக்கும் இதே இயற்பியல்தான். ஸ்கூட்டரின் காற்று ஃபில்டர் தாழ்வாக இருப்பதால் சின்ன வெள்ளமே அதற்குப் போதும். பெல்ட் இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் இன்ஜின் ஓடும், வண்டி நகராது. உதைத்து உதைத்துக் கிளப்பிப் பார்ப்பதைவிட இறங்கித் தள்ளுவது மேல். மின்சாரக் கார்களுக்குக் காற்றை இழுக்கும் வேலையே இல்லை, ஹைட்ரோ லாக்கும் இல்லை. பேட்டரிக்குத் தரப்படும் ஐபி67 சான்று ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனையைக் குறிக்கிறது. இரவு முழுக்க வெள்ளத்தில் ஊறிய வண்டிக்கு அந்தச் சான்று பேசாது. பரிசோதிக்காமல் சார்ஜ் போடக் கூடாது.

வண்டி நின்றுவிட்டது. இனி என்ன? சாவியை எடுத்துவிட வேண்டும். நியூட்ரலில் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோக முடிந்தால் நல்லது. தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று தெரியும்படி வெளியேயும் உள்ளேயும் படம் எடுக்க வேண்டும். கார்ப்பெட் வரையா, இருக்கை வரையா, டாஷ்போர்டு வரையா என்பதைப் பொறுத்தே காப்பீட்டு சர்வேயரின் கணக்கு போகும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றத் தெரிந்தவர் கழற்றலாம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, தட்டையான ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் வெளிறிய பழுப்பாகத் திரிந்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ‘ஒரு தடவை அடிச்சுப் பாருங்க சார், வந்துடும்’ என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சொல்லும் நல்ல மனிதர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு மறுத்துவிட வேண்டும்.

காப்பீடு இருக்கிறதே என்ற ஆறுதல் எவ்வளவு தூரம் வரும்? மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவருக்கு வெள்ளச் சேதத்தில் ஒரு ரூபாயும் கிடையாது. முழுக் காப்பீட்டில் வெள்ளம், புயல், சூறாவளி எல்லாம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. நனைந்த இருக்கை, வயரிங், கார்ப்பெட் ஆகியவற்றுக்குப் பணம் வரும், தேய்மானம் கழித்து. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி. ஐந்து ஆண்டைத் தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்குக் குறைந்தது 40 சதவீதம் கழிவு. பழுதுச் செலவு, பாலிசியில் காட்டிய மதிப்பின் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதப்படும்.

இன்ஜின் என்று வரும்போதுதான் சிக்கல். அதே பாலிசி, விளைவாக வரும் இழப்பையும் இயந்திரக் கோளாறையும் விலக்கி வைக்கிறது. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. விபத்தோ பழுதோ நேர்ந்த பிறகு, அதைச் சரிசெய்யும் முன் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்பது அதன் சாரம். தண்ணீரில் நின்ற பிறகு சாவியைத் திருப்பியதை இதன்கீழ் கொண்டுவந்து, இது வெள்ளச் சேதம் அல்ல, உங்கள் செயலால் வந்தது என்று நிறுவனங்கள் மறுக்கின்றன. நுகர்வோர் ஆணையங்களில் இதை எதிர்த்துப் போராடியவர்கள் பலர். இதைச் சமாளிக்கத்தான் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு தனியாக விற்கப்படுகிறது. அதற்குத் தனிப் பிரீமியம், பெரும்பாலும் வண்டியின் வயதுக்கும் ஒரு வரம்பு.

நிறுவனங்களின் வாதம் முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. தெரிந்தே ஒருவர் இன்ஜினை உடைத்தால் அதன் செலவை மற்ற பாலிசிதாரர்கள் ஏன் சுமக்க வேண்டும்? ஆனால் ‘தெரிந்தே’ என்ற சொல்லில்தான் நியாயம் இருக்கிறது. வண்டி நின்றால் மறுபடி கிளப்பிப் பார்ப்பது எந்த ஓட்டுநருக்கும் முதலில் தோன்றும் செயல். வேறு எந்த நாளிலும் அது சரியான செயலும்கூட. வெள்ளத்தில் மட்டும் அது கூடாது என்பதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். பாலிசி ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், மின்னஞ்சலில் வருகிறது. ஷோரூம் மேசையில் கையெழுத்து வாங்கும்போது எந்தக் கூடுதல் காப்பீடு இருக்கிறது, எது இல்லை என்று விளக்க யாருக்கும் நேரமில்லை. பாலிசியின் சாரத்தை எளிய மொழியில் ஒரு தாளில் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு வாகனப் பாலிசியோடும் அந்தத் தாள் தமிழில் போய்ச் சேர வேண்டும், வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கிளப்பாதீர்கள் என்பது அதன் முதல் வரியாக இருக்க வேண்டும். அப்படிச் சொல்லாத நிறுவனத்துக்கு அந்தக் காரணத்தைக் காட்டிக் க்ளெய்மை மறுக்கும் உரிமை இருக்கக் கூடாது.

இதில் அதிகம் அடிபடுவது மஞ்சள் போர்டு வண்டி ஓட்டுகிறவர்கள். மழை நாளில்தான் சவாரி குவியும், கட்டணமும் கூடும். வீட்டில் இருந்துவிடலாம் என்று முடிவெடுக்கும் வசதி தவணை கட்டுகிறவருக்குக் கிடையாது. ‘இதே ரோட்டிலேயே போயிடுங்க, பிளைட்டுக்கு நேரமாச்சு’ என்று பின்னிருக்கையில் இருப்பவர் அவசரப்படுத்துவார். இன்ஜின் போனால் பயணி இறங்கி வேறு வண்டி பிடிப்பார். ஓட்டுநருக்கு வாரக்கணக்கில் வருமானம் இல்லை, வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் கூலி இழப்பை எந்தச் சாதாரணப் பாலிசியும் தராது, வங்கியின் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஓய்ந்து இரண்டு வாரம் ஆகும் முன்பே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. இந்தக் கஷ்டம் சென்னையோடு நிற்பதல்ல. பேரிடருக்குப் பிறகு அரசு நிவாரணம் அறிவிக்கும்போது குடிசை, கால்நடை, படகு, பயிர் என்று கணக்கெடுக்கிறது. பிழைப்புக்கு வைத்திருக்கும் ஒற்றை வண்டியை இழந்தவருக்கும் அந்தப் பட்டியலில் நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும். வங்கிகள் அவருக்குத் தவணையில் சில மாத அவகாசம் தருவதைத் தயவாக விடாமல் விதியாக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களின் கதை பட்டறையோடு முடிவதும் இல்லை. முழு இழப்பாக ஒதுக்கப்பட்டவை ஏலத்தில் போய், துடைத்துத் தேய்த்து மெருகேறி, வேறு ஊர்களின் பழைய கார் சந்தைக்கு வருகின்றன. வாங்குகிறவர் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துப் பார்க்கலாம், சேற்றுக் கோடு அங்கே தங்கியிருக்கும். இருக்கையின் அடி போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே வண்டல், ஹெட்லைட்டுக்குள் ஈரம் ஆகியவை மெருகுக்கு அகப்படாதவை. முழு இழப்பு க்ளெய்ம் வாங்கிய ஒவ்வொரு வண்டியும் பதிவுச் சான்றில் அப்படியே குறிக்கப்பட்டால் இந்தத் துப்பறியும் வேலை யாருக்கும் தேவைப்படாது.

அரசு செய்ய வேண்டியவற்றில் பணம் தேவைப்படாதவையே அதிகம். நிரம்பும் சுரங்கப்பாதை ஒவ்வொன்றின் சுவரிலும், தொலைவிலிருந்தே தெரியும்படி, சென்டிமீட்டர் அளவுகோல் வரைந்து, 30-க்கு மேல் சிவப்பு பூச வேண்டும். பழகுநர் உரிமத் தேர்வில் வெள்ளத்தில் வண்டி ஓட்டுவது பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும். கனமழைக்கு முன் கைபேசிகளுக்கு வரும் பேரிடர் எச்சரிக்கைச் செய்தி இப்போது வீட்டிலேயே இருங்கள் என்கிறது. வெளியே இருந்தே தீர வேண்டியவர்களுக்கும் அதில் ஒரு வரி வேண்டும்: தண்ணீரில் வண்டி நின்றால் மறுபடி கிளப்பாதீர்கள், இறங்கி மேட்டுக்குப் போங்கள். அக்டோபரில் பருவமழை தொடங்கும் முன்பே அந்த வரியைச் செய்தியில் சேர்த்துவிடலாம்.